கல்லாவைப் பார்த்து உட்கார்ந்த டைனோசர்

என் கணவர் என்னிடம் விஞ்ஞானச் சந்தேகம் கேட்டது, கலியாணமாகி இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் கடையின் பின்பக்கத்தில் நான் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, நீ சயன்ஸ் டீச்சர்தானே? மரக்கறி மட்டும் சாப்பிடுற டைனோசர் ஏதாச்சும் இருக்கா?"

கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் என்னிடம் கேட்காத கேள்வி இல்லை. ஆனால் மேல்மாடிக்கு வாடகை ஆள் தேடுகிறவர், குடிக்காத, சத்தம் போடாத ஆளாக இருந்தால் சொல்லுங்கள் என்று விசாரிப்பாரே, அந்தக் குரலில் யாரும் டைனோசரைப் பற்றிக் கேட்டதில்லை.

"எத்தனையோ இருக்கு. எதுக்கு?"

"நல்ல குணமா இருக்கணும். ஆனா யாராச்சும் வம்புக்கு வந்தா விடக்கூடாது. அப்படி ஒண்ணு பார்த்துச் சொல்லு."

துருவலை வைத்துவிட்டு அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

காய்ச்சல் எதிர்க்கடையிலிருந்து வந்தது என்று பிறகுதான் விளங்கியது. எங்கள் கடை கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குப் போகிற பெரிய வீதியில் இருக்கிறது. என் மாமனார் தொடங்கிய சைவக் கடை. முட்டைகூட உள்ளே வராது. நான் கம்பளையில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் ஓடுவது, நீந்துவது, பறப்பது எல்லாம் சாப்பாடுதான். அதனால் கலியாணமானதும் எங்களுக்குள் ஓர் உடன்பாடு வந்தது. எனக்கு முட்டை ஆசை வந்தால் கொல்லைப் படிக்கட்டில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருக்கும் தட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் கடையின் முன்பக்கத்திலேயே நிற்பார். வீதியில் ஏதோ முக்கியமான விஷயம் நடப்பதுபோல எட்டி எட்டிப் பார்ப்பார்.

எதிர்க்கடை பொரித்த கோழிக்கடை. அதை நடத்துகிற முஸ்லிம் அண்ணனை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். தங்கமான மனிதர். காலையில் தன் கடையைத் திறக்குமுன் எங்களிடம் வந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்டவர்தான் ஒருநாள் தன் கடை வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு ஃபைபர் கோழியைக் கொண்டுவந்து நிறுத்தினார். தலையில் கிரீடம், ஒரு சிறகு மேலே தூக்கியபடி. பாடசாலை வேன்கள் அந்த இடத்துக்கு வந்தால் பிள்ளைகள் ஜன்னல் வழியே கையாட்டிக் கத்துவார்கள். பின்னேரம் அதே பிள்ளைகள் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு அங்கே போவார்கள். எங்கள் கடையின் நீள வாங்குகளில் ஈயும் என் கணவரும்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

தீபாவளி முடிந்த கையோடு அவர் சொன்னார்: "தைப்பொங்கல் வரைக்கும் பார்ப்போம். அதுக்கும் ஆள் வரலேன்னா நாமளும் கோழி பொரிக்க வேண்டியதுதான். கடைய மூடுறதுக்கு அது பரவாயில்ல."

ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்துக்கொண்டே அதைச் சொன்னார். சொல்லோடு நிற்காமல், கண்டிக்குப் போய்க் கோழி பொரிக்கிற பெரிய இரும்புத் தாச்சி ஒன்றை வாங்கி ஆட்டோவில் ஏற்றிவந்தார். இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். அதைப் பின்பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து தண்ணீர் எடுக்கப் போகும்போது அந்தப் பக்கம் போகாமல், விறகுக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போவார். எனக்குக் கோழி பிடிக்கும், மறைக்க ஒன்றுமில்லை. கடைக்கும் அது நல்லதுதான் என்று என் மூளை சொன்னது. ஆனால் இவர் வாளியோடு அப்படிச் சுற்றிப் போவதைப் பார்த்தால், சில நாள் வாளியை வாங்கிக்கொண்டு நானே போவேன்.

இந்த நேரத்தில்தான் டைனோசர் வந்தது. கோழியும் மற்றப் பறவைகளும் டைனோசர் வம்சம் என்று நான் யாரோ ஒரு பிள்ளைக்குத் தொலைபேசியில் விளக்கியதை ஒட்டுக்கேட்டிருக்கிறார்.

"அங்க பேரன் நிக்கிறான். இங்க தாத்தாவ நிறுத்திட்டா, பேரன் என்ன பேச முடியும்?"

"கோழியோட தாத்தா ரெண்டு கால்ல ஓடி எறைச்சி தின்ன கூட்டம். மரக்கறி சாப்பிட்டது வேற வம்சம்."

"சொந்தமே இல்லையா?"

"தூரத்துப் பங்காளி."

"அது இன்னும் நல்லது" என்றார். "தாத்தான்னா பேரனுக்கு விட்டுக்குடுத்துடுவாரு. பங்காளி விடமாட்டான்."

நான் டைனோசர் படப் புத்தகத்தை எடுத்துவந்தேன்.

ஆளைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். நீளக் கழுத்துக்காரரை முதலில் யோசித்தோம். சைவம்தான், ஆனால் தலை மின்சாரக் கம்பியில் முட்டும். மூன்று கொம்புக்காரரும் சைவம். இவர் படத்தைப் பார்த்துவிட்டு, "மாடு கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு, வேணாம்" என்றார். கடைசியில் நான் அங்கிலோசோரஸைக் காட்டினேன். அகலமான, தாழ்ந்த உடம்பு. முதுகு முழுக்க எலும்புத் தகடு. வாலின் நுனியில் எலும்புக் குண்டு. என் கணவர் அந்தப் படத்தைப் பார்த்த மாதிரி என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூடப் பார்க்கவில்லை.

"இத வெளக்கமாச் சொல்லு."

மேசையில் கிடந்த மரக்கறியை வைத்தே பாடம் நடத்தினேன். பூசணிக்காய்தான் உடம்பு. தோலுக்குப் பாகற்காய்: தோலுக்குள்ளேயே எலும்பு முளைத்துத் தகடு தகடாக வரிசையில் நிற்கும், பெரிய தகடுகளுக்கு நடுவே சின்னக் கட்டிகள் இடைவெளியை அடைத்திருக்கும். கழுத்தில் அரை வளையமாக இரண்டு கவசம். மண்டையின் பின்மூலையில் கொம்பு. இந்தக் கூட்டத்தில் சிலதுக்குக் கண் இமையில்கூட எலும்பு இருந்தது என்று சொன்னதும் இவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இமையிலயுமா? அப்ப கடை ஷட்டர் மாதிரி எறக்கி மூடிக்குமா?"

"கிட்டத்தட்ட."

வாலுக்கு ஒரு முருங்கைக்காயை எடுத்தேன். வால் தொடங்குகிற பக்கம் நன்றாக இரண்டு பக்கமும் ஆடும். பின்பாதியில் எலும்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு உலக்கையாக விறைத்துவிடும். நுனியில் குண்டு. அதற்கு ஒரு பீட்ரூட்டை வைத்தேன், அது உருண்டு ஓடிப்போய் உழுந்து வாளிக்குள் விழுந்தது. வீசினால் எதிரியின் கால் எலும்பு உடைந்துபோகும் என்றேன். இவருடைய கண் வாசலைத் தாண்டி எதிர்க்கடைக் கோழியின் காலுக்குப் போய் வந்தது.

"சாப்பாடு?"

"கீழ வளர்ற செடி கொடி. பன்னம் நெறைய." மலைப்பாதைத் தண்ணீர்க் கானோரத்தில் சுருண்டு சுருண்டு வளருமே, அந்தப் பெரணிச் செடிதான். "வாய் கிளி அலகு மாதிரி. பல்லு சின்னச் சின்ன எல மாதிரி, பேருக்குத்தான் மெல்லும். அப்படியே முழுங்கிடும். வயிறு அவ்வளவு பெருசு. உள்ள போய்ப் புளிச்சுத்தான் செரிக்கும்."

"புளிக்குமா? நம்ம தோசை மாவு மாதிரியா?"

"அதே வேலதான்."

"வயித்துக்குள்ளயே மாவு புளிக்க வைக்குது!" அவருக்குக் குரல் தழுதழுத்தது. "இது நம்ம ஆளு."

அதோடு விட்டிருக்கலாம். நான் டீச்சர் இல்லையா, பாடத்தை முடிக்காமல் விட மாட்டேன். கவசமெல்லாம் மேலேதான், அடிவயிறு மெத்தென்று இருக்கும், ஆபத்து என்றால் நிலத்தோடு ஒட்டிப் படுத்து அதை மறைத்துக்கொள்ளும் போல என்றேன். இவர் தன் வயிற்றை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"பாவம்" என்றார்.

சீமெந்தில் செய்ய ஆள் வேண்டும். பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் கோபுர வேலை செய்துகொண்டிருந்த சிற்பி ஒருவரை இவர் பிடித்துவந்தார். சிங்கம், மயில், யானை, யாளி என்று எல்லாம் செய்தவர். ஆனால் மேலே யாரும் உட்காராத மிருகம் ஒன்றை அவர் வாழ்நாளில் செய்ததில்லை.

"இது யாருடைய வாகனம் டீச்சரம்மா?"

"யாருடையதும் இல்ல. சும்மா மிருகம்."

"சும்மா எப்படிங்க மிருகம் இருக்கும்?"

என் கணவர் குறுக்கே வந்து, "கடையோட வாகனம்னு வச்சுக்குங்க" என்றார். சிற்பி திருப்தியாகத் தலையாட்டினார். எல்லா வினையும் அந்தத் தலையாட்டலில்தான் தொடங்கியது.

நான் பாடசாலை விட்டு வரும் ஒவ்வொரு நாளும் ஒரு சண்டை இருக்கும். முதல் சண்டை கோரைப்பல்லுக்கு. தலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார், அதில் வாய்க்கு வெளியே நான்கு கோரைப்பல் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, இது எல தின்னுறது. கோரைப்பல் கெடையாது."

"கோரைப்பல் இல்லாட்டி யாருங்க பயப்படுவா?"

"பயம் வால்ல இருக்கு."

"வால்ல பயத்த வச்சா மூஞ்சில எத வைக்கிறது?"

ஒரு வழியாகப் பல்லைத் தட்டியெடுத்தார், மனசே இல்லாமல். கழுத்துக் கவசம் என்று நான் காட்டிய வளையங்களை அட்டியலாகச் செய்து நடுவில் ஒரு மணியும் தொங்கவிட்டார். மணியை எடுக்கச் சொன்னேன். அட்டியலோடு சமாதானமானோம். இமையிலும் எலும்பு என்றதும், "இமைய மூடிட்டா நான் எங்க கண் தெறக்கிறது?" என்று கேட்டார். அவருக்குச் சிலை என்றால் கடைசியில் நல்ல நேரம் பார்த்துக் கண் திறக்க வேண்டும். திறக்காத சிலை அவர் கணக்கில் வெறும் சீமெந்து.

உடம்பு கடையின் முன்பகுதியில் பச்சை வலைக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. வலையைத் தூக்கி எட்டிப் பார்த்தேன், பெரிய உருண்டையாக ஒன்று தெரிந்தது. பூசணிக்காய்க்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது? நான் அதைப் பற்றி யோசிக்கவேயில்லை.

அந்த நாட்களில்தான் தாச்சி காணாமல் போனது. மிளகாய் காயவைக்கப் பின்பக்கம் போனபோது பார்த்தேன், அது கவிழ்ந்திருந்த இடத்தில் வட்டமாகப் புல் வெளுத்துக் கிடந்தது.

"ஏங்க, தாச்சி எங்க?"

"காணோமா? கொரங்கு தூக்கிட்டுப் போயிருக்கும்."

எங்கள் பக்கத்துக் குரங்குகள் சவர்க்காரம் எடுக்கும், வாழைப்பழம் எடுக்கும், ஒருமுறை ஒன்று என் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கூரையில் உட்கார்ந்தது. ஆனால் இரண்டு ஆள் தூக்குகிற தாச்சியைக் கொண்டுபோய்க் குரங்கு என்ன பொரிக்கப் போகிறது? கேட்டேன். இவர் அவசரமாகத் தண்ணீர் எடுக்கப் போனார். விறகுக் கொட்டகையைச் சுற்றாமல் நேர்வழியில் போனார். நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கார்த்திகையில் ஒரு நல்ல நாளில் திறப்பு. வீதியில் கூட்டம் கூடிவிட்டது. நானா தன் கடையை வேலைக்காரர்களிடம் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் நின்றார். சிற்பி வலைக்குள் புகுந்து தூரிகையால் கண் திறந்து, கண்ணாடி காட்டி, கர்ப்பூரம் கொளுத்தினார். பூசணிக்காய் உடைத்தோம். வலையை உருவினார்கள்.

வீதியைப் பார்த்து நின்றது ஒரு மாபெரும் பிட்டம்.

அதற்குக் கீழிருந்து வால் புறப்பட்டு, வாசலைத் தாண்டி, நடைபாதை ஓரம்வரை நீண்டு, நுனியில் பெரிய குண்டோடு நின்றது. தலையைக் காணவில்லை. நான் ஓடிப்போய் உள்ளே பார்த்தேன். தலை உள்ளே இருந்தது. நான்கு காலையும் மடக்கி, அட்டியல் போட்டுக்கொண்டு, கோயிலில் நந்தி உட்கார்ந்திருக்குமே, அதே மாதிரி உட்கார்ந்து, கல்லா மேசையையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

நெரிசலில் நின்றிருந்த கண்டி பஸ்ஸிலிருந்து யாரோ, "முதலாளி, தலைக்கு சீமெந்து பத்தலையா?" என்று கத்தினார்கள். முழு பஸ்ஸும் சிரித்தது. நானா கிட்டே வந்து இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' ஆகும்.

"என்னத்துக்கு டீச்சர் இது உள்ளுக்கு பார்த்துக்கிட்டு ஈக்கி?"

நான் சிற்பியிடம் திரும்பினேன். என் வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளைகளுக்கு அந்தப் பார்வை தெரியும்.

"ஐயா, பின்பக்கத்த ரோட்டுக்குக் காட்டிட்டீங்களே!"

அவருக்குத்தான் ஆச்சரியம். "வாகனம் வேற எப்படிங்க இருக்கும்? சாமியப் பார்த்துத்தான் இருக்கும்."

"இங்க எங்கய்யா சாமி இருக்கு?"

"முதலாளி இருக்காருல்ல" என்று கல்லா மேசையைக் காட்டினார்.

திருப்பவும் முடியாது. கம்பியோடு நிலத்தில் இறங்கியிருந்தது. அன்று கூட்டம் கலைந்த பிறகு இவர் கல்லாவில் உட்கார்ந்து டைனோசரைப் பார்த்தார், டைனோசர் இவரைப் பார்த்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய், "இங்க பாருங்க, எதிரி வந்தா அது மூஞ்சியக் காட்டி நிக்காது. முதுகக் காட்டி வாலத்தான் வீசும். எதிரி எந்தப் பக்கம் இருக்காரு? ரோட்டுக்கு அந்தப் பக்கம். சயன்ஸ்படி சரியாத்தான் உக்காந்திருக்கு" என்றேன். பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

ஆனால் வாங்குகள் நிறையவில்லை. வேன் பிள்ளைகள் இப்போது இரண்டு பக்கமும் கையாட்டினார்கள். அந்தப் பக்கம் கோழிக்கு, இந்தப் பக்கம் பிட்டத்துக்கு. இறங்கிப் போனது என்னவோ கோழிக்கடைக்குத்தான்.

மார்கழியில் ஒருநாள் மட்டும் வித்தியாசமாக விடிந்தது. கம்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மாத்தளைக்குக் கோயில் பார்க்கப் போகிற பஸ் ஒன்று எங்கள் வாசலில் நின்றது. முதலில் இறங்கியவர் சீமெந்து முதுகைப் பார்த்தார், அது உள்ளே பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். பின்னால் இறங்கியவர்களும் கழற்றினார்கள். கை கூப்பியபடி, மிருகத்துக்கும் அது பார்க்கிற திசைக்கும் நடுவே போகாமல், ஓரமாகச் சுவரோடு சுவராக வந்தார்கள். மிருகத்தின் பார்வை போகிற இடத்தை எல்லாரும் பக்தியோடு பார்த்தார்கள். அங்கே என் கணவர் வாயில் பாதி வடையோடு உட்கார்ந்திருந்தார்.

இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதிலுக்குக் கை கூப்பினார். பிறகு மேசையில் எப்போதும் இருக்கிற விபூதிக் கிண்ணத்தை நீட்டினார். வரிசையாக வந்து எடுத்துப் பூசிக்கொண்டார்கள். கடைசியாக வந்த அம்மா ஒருவர், "ஐயா, இது என்ன சாமிங்க?" என்று கேட்டார். நான் குசினி வாசலில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

"சாமி இல்லம்மா, சாப்பாட்டுக் கடை" என்றார் இவர் பரிதாபமாக.

அந்த அம்மா என் கணவரையும் வடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், எல்லாரும் சிரித்தார்கள், சிரித்த சிரிப்பில் பசி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தோசைக் கல் ஓயவில்லை. சாப்பிட்டு முடிந்து போகும்போதும், சிரித்துக்கொண்டேதான் என்றாலும், அந்த நடுவழியை ஒருவரும் குறுக்கே கடக்கவில்லை. அன்று முழுக்க இவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். ஆனால் கோயிலுக்குப் போகிற பஸ் தினமுமா வரும்? மறுநாள் மறுபடி ஈயும் அவரும்தான்.

தைப்பொங்கல் வந்தது. வாசலில் பொங்கி, முதல் உருண்டையை டைனோசரின் அலகில் வைத்தார். அலகிலிருந்து அதைக் காகம் எடுத்துப் போனது. அடுத்த வாரம் கோழி லொறி எங்கள் கடைக்கும் வரும்படி நானாவிடம் சொல்லியாகிவிட்டது என்றார். நானா தன் லொறிக்காரரிடம் பேசி, தாச்சி ஒன்றும் இரவல் தருவதாகச் சொல்லியிருந்தார், நல்ல மனிதர்.

"இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமே" என்றேன். கோழி சாப்பிடுகிற நான் கெஞ்சினேன், கோழி தொடாத அவர் மறுத்தார்.

"சொன்னா சொன்னதுதான்."

லொறி வருகிற அன்று காலை அவர் கதிரை போட்டு ஏறி, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த தன் அப்பாவின் படத்தைக் கழற்றினார். பழைய பேப்பரில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நான் சும்மா கிடந்த குவளைகளைக் கழுவினேன்.

லொறி வந்தது. வீதியில் திருப்ப இடமில்லாமல் பின்னோக்கி எங்கள் வாசலுக்கு வந்தது. பின்னால் நின்று கையாட்டிய உதவியாள் "ஹரி, ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி' சொல்லிக்கொண்டே, எங்கள் டைனோசரின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு கணம் உள்ளே எட்டினார். எல்லாரும் செய்கிற காரியம்தான்.

டணார் என்று கேட்டது.

கோயில் மணியைக் கோடரியால் அடித்த சத்தம். லொறியின் பின்விளக்கு நொறுங்கி, கதவு திறந்துகொண்டு, கோழிப் பெட்டி ஒன்று நடைபாதையில் விழுந்தது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. நானா வீதியைக் கடந்து ஓடிவந்தார். நாங்களும் ஓடினோம். வால் அப்படியே நின்றது. குண்டிலிருந்து மட்டும் ஒரு பக்கம் சீமெந்து பெயர்ந்து விழுந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் கறுப்பாக ஒரு விளிம்பு. விளிம்பில் ஓர் இரும்புக் காது.

நானா குனிந்து அந்தக் காதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"அல்லாஹ்வே! உள்ளுக்குத் தாச்சி ஈக்கி டீச்சர்!"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கோழிப் பெட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வீதியில் ஏதோ முக்கியமான விஷயம் நடப்பதுபோல எட்டிப் பார்த்தார்.

"கொரங்கு?" என்றேன்.

"குண்டு வார்க்க அச்சு ஏதாச்சும் இருக்கான்னு சிற்பி கேட்டாரு. கைக்கு அதுதான் அம்புட்டுச்சு."

"ரெண்டு பேர் தூக்குற தாச்சி, கைக்கு அம்புட்டுச்சா?"

அவர் குண்டின் மேல் கை வைத்தார்.

"என்னால முடியாதும்மா" என்றார். "அப்பா சொன்னாருன்னு இல்ல. எனக்கே முடியாது. சொல்லிட்டேனேன்னுதான்..."

வீதியில் அத்தனை பேர் நிற்க நான் அழுதேன், சிரிப்பும் வந்தது, இரண்டையும் நிறுத்த முடியவில்லை. இந்த மனுசன் கார்த்திகையிலேயே கோழித் தாச்சியைச் சீமெந்துக்குள் புதைத்துவிட்டு, தை வரைக்கும் வாக்குத் தவறாத ஆள் மாதிரி விறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். முதுகெல்லாம் தகடு. எனக்கு அவர்மேல் அன்று வந்த அன்பு, கலியாணத்தன்றுகூட வந்ததில்லை.

"பெட்டிய அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்க நானா" என்றேன். "இங்க கோழி எறங்காது."

நானா கேள்வி கேட்கவில்லை. தானே பெட்டியைத் தூக்கி லொறிக்குள் வைத்தார். "எனக்கும் காலைக்கு இடியப்பம் திங்க ஒரு எடம் வேணும்தானே" என்றார்.

அதற்குப் பிறகு கதையைப் பரப்பியது நாங்கள் இல்லை, நானாதான். தன் கடைக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும், எதிரில் இருக்கிற டைனோசர் கோழி லொறியை வாலால் அடித்துத் துரத்திய கதையைச் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் லொறி கொஞ்சம் பெரிதாகும். பிள்ளைகள் கோழி சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வாலைத் தொட்டுப் பார்க்க இந்தப் பக்கம் வருவார்கள். பின்னால் வருகிற அப்பா அம்மா பிளேன்டீ குடிப்பார்கள், வடை சுடச்சுட இருந்தால் அதையும் எடுப்பார்கள், சிலர் ராத்திரிக்கு இடியப்பம் கட்டச் சொல்லுவார்கள். வாங்குகள் நிறைந்து வழிகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஈக்கு இடம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

சிற்பி வாலைப் பூச வந்தபோது, அந்த இரும்புக் காதை மட்டும் மூட வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். மாமனாரின் படம் மறுபடி கல்லாவுக்கு மேலே ஏறிவிட்டது. அதனால் டைனோசர் இப்போது பார்ப்பது இவரையா, அவரையா என்று சொல்வது கடினம்.

நேற்றுப் பாடசாலை விட்டு வந்து, கொல்லைப் படிக்கட்டில் என் தட்டோடு உட்கார்ந்தேன். இரண்டு முட்டை, மிளகு போட்டது. கடைப்பக்கத்திலிருந்து இவர் தேத்தண்ணீரோடு வந்தார். எட்டிப் பார்க்க வீதியில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. என்னோடு அதே படியில், முட்டைக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.